பால் நிற்கும் வரை காவல்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இந்த அவையைச் சிறப்பித்துக்கொண்டிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, குழந்தைகள் நலத்துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்டுப் போன நுண்ணுயிரியல் பேராசிரியர் அவர்களே, சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, இரவுப் பணியை முடித்துக்கொண்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் பிரசவ அறைச் செவிலியர்களே! வரிசையில் கடைசியாக அழைத்தாலும், இன்றைய பேச்சு முழுக்க உங்களுக்குத்தான். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. போகாமல் தடுப்பதில், கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருள் என்ன செய்யும் என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அது மட்டும் போதாது, என்ன விலைக்குக் கிடைக்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி: வெள்ளம் வருமுன் அணை போடு.

வெள்ளம் மூன்று வழியில் வருகிறது. கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, பாலூட்டும்போது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். தாய் அன்றாடம் மருந்து சாப்பிட்டால், பால் கொடுத்தாலும்கூட, இது 5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. 1994-இல் ஜிடோவுடின் என்ற ஒரே மருந்து நூற்றுக்கு 25 என்றிருந்ததை 8 ஆக்கிக் காட்டியது. இன்றைய கூட்டு மருந்துகள் அதைவிட எவ்வளவோ மேல். அப்படியிருந்தும் 2023-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்றியிருக்கிறது. மருந்து கைவசம் இருக்கிறது, சில தாய்மார்களை அது எட்டவில்லை.

எதிர்ப்பொருளுக்கு வருகிறேன். தொற்றுள்ள தாயின் உடலிலேயே எதிர்ப்பொருள் இருக்கிறதே, நஞ்சுக்கொடி வழியாக அது பிள்ளைக்கும் போகிறதே, பிறகு ஏன் தனியாக ஊசி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாயின் எதிர்ப்பொருள் பிடிக்க வருவதற்குள் அவள் உடலிலுள்ள வைரஸ் உருமாறிவிடுகிறது. குழந்தைக்குக் கடந்து போவதும் பெரும்பாலும் அப்படித் தப்பிய ரகம்தான். 1990-களில், தொற்றுள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைத் திரட்டி ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. புதிதாக வந்திருப்பவை வேறு இனம். வைரஸ் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் மாற்ற முடியாத இடமாகப் பார்த்து ஒட்டுபவை. 2010-இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்பொருள், நம் செல்லின் மேலுள்ள சி.டி.4 என்ற புரதத்தை வைரஸ் பற்றுகிற அந்த இடத்தையே அடைத்துவிடுகிறது. இதன் அமினோ அமிலங்களில் இரண்டை மாற்றி, ரத்தத்தில் நெடுநாள் தங்கும்படி செய்ததுதான் வி.ஆர்.சி.01.எல்.எஸ்.

செவிலியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த பாதுகாப்பு ஆய்வில், பிறந்த 72 மணி நேரத்துக்குள் இந்த வி.ஆர்.சி.01.எல்.எஸ். 80 மி.கி. கொடுத்தார்கள். மருந்தின் செறிவு ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; ஆகவே ஊசியில் ஏறுவது 0.8 மி.லி. தோலுக்கடியில் போடுவது. பால் குடிக்கும் குழந்தைக்கு 12-ஆவது வாரம் 100 மி.கி. இன்னொரு முறை. போட்ட இடத்தில் சற்றுச் சிவக்கும், வீங்கும், தானே அடங்கும். குப்பியைக் குலுக்கவே கூடாது. இது புரதம், நுரைத்தால் திரண்டு கெட்டுப்போகும். இரண்டாவது தவணை எதற்கு? ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருக்கும் அளவு ஏறத்தாழ பாதியாகிறது. பெரியவர்களுக்கு இவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. குழந்தையோ நாளுக்கு நாள் எடை கூடுகிறது, அதே மருந்து பெரிய உடம்பில் பரவி நீர்த்துப் போகிறது.

முதல் ஊசிக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதற்குக் குரங்குக் குட்டிகளே சாட்சி. எச்.ஐ.வி.யைப் போன்ற வைரஸை வாய்வழி கொடுத்துவிட்டு, 30 மணி நேரத்தில் இரண்டு எதிர்ப்பொருள்களைச் சேர்த்து ஒரே ஒரு முறை போட்டார்கள். குட்டிகள் தப்பின. ஊசியை 48 மணி நேரம் கழித்துப் போட்டபோது ஏறக்குறைய பாதிதான் தப்பின. வெள்ளம் வருமுன் அணை போடு!

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1925 ஜனவரி, அலாஸ்காவில் நோம் என்ற ஊர். கடல் உறைந்து கப்பல் நின்றுவிட்டது. குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்து சாகத் தொடங்குகிறார்கள். ஊருக்கு இருந்தது ஒரே மருத்துவர், கர்டிஸ் வெல்ச். மருந்து, எதிர்ப்பொருள் நிறைந்த சீரம்தான். ஆனால் இருப்பில் இருந்தது காலாவதியானது. கவனியுங்கள், அவர் அசட்டையாக இருந்தவர் இல்லை. துறைமுகம் மூடுவதற்கு முன்பே புதுச் சீரம் கேட்டு எழுதிவிட்டார். கடைசிக் கப்பலில் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்! ஆங்கரேஜ் நகரில் 3,00,000 யூனிட் இருப்பது தெரிந்தது. ரயில் நெனானா வரைக்கும்தான் போகும். அதற்கப்பால் 674 மைல் பனி. இருபது வண்டியோட்டிகள், 150 நாய்கள் அளவில், ஆளுக்கொரு தூரம் கைமாற்றிக் கைமாற்றி ஓடினார்கள். செப்பாலா என்பவர் டோகோ என்ற நாயை முன்னே விட்டு, காலடியில் உடையக்கூடிய கடல் பனியின் மேலே வண்டியை ஓட்டினார். கடைசிக் கட்டம் காசன் என்ற வண்டியோட்டியும் பால்டோ என்ற நாயும். பிப்ரவரி 2, விடியுமுன் ஊருக்குள் வண்டி நுழைந்தது. ஐந்தரை நாளுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். சீரம் உறைந்து கட்டியாகிக் கிடந்தது, உருக்கிப் போட்டார்கள். (அந்த வித்தையை இன்றைய குப்பிகளிடம் காட்டிவிடாதீர்கள்.) பால்டோவுக்கு நியூயார்க் பூங்காவில் சிலை இருக்கிறது. மிக நீண்ட, மிக ஆபத்தான தூரம் ஓடிய டோகோவுக்குப் பேர் வாங்கிக் கொடுக்க வெகுகாலம் ஆயிற்று. மேடையில் மாலை விழுவது எப்போதும் கடைசியில் வருகிறவர் கழுத்தில்தான். முதல்வர் அவர்கள் சிரிக்கிறார்.

சரி, ஏன் அது மட்டும் போதாது? பெரியவர்களிடம் வி.ஆர்.சி.01-ஐ எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளின் முடிவு 2021-இல் வந்தது. அந்த எதிர்ப்பொருளுக்கு நன்றாக மசிகிற வைரஸ்களை நூற்றுக்கு 75 அளவில் தடுத்தது. மற்றவை நழுவிப் போயின, மொத்தக் கணக்கில் தடுப்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் இப்போது வெவ்வேறு இடத்தில் ஒட்டும் இரண்டைச் சேர்க்கிறார்கள். தாயின் மாத்திரைக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்துச் சொட்டுக்கும் இது மாற்று அல்ல, கூடுதல் அரண். அதுவும் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. பிறந்த உடனே பிள்ளைக்கு எதிர்ப்பொருள் போட முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம்: ஹெபடைடிஸ் பி உள்ள தாயின் பிள்ளைக்கு 12 மணி நேரத்துக்குள் எதிர்ப்பொருள் 0.5 மி.லி.யும், இன்னொரு தொடையில் தடுப்பூசியும் போடும் வழக்கம் பல்லாண்டாக இருக்கிறதே.

இத்தனையும் யாருக்குப் போடப் போகிறோம்? அதைத்தான் கேட்க வந்தேன். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பரிசோதித்தோம், தொற்று இல்லை என்று அட்டையில் எழுதினோம், மூடிவைத்தோம். ஏழாம் மாதத்திலோ, பிள்ளை பெற்றபின்னோ அவளுக்குத் தொற்றினால்? புதிதாகத் தொற்றிய வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், பாலிலும் இறங்கும். அவளுக்கு மாத்திரை இல்லை, பிள்ளைக்குச் சொட்டு இல்லை. ஏனென்றால் அட்டை ‘தொற்று இல்லை’ என்கிறது! அவளைக் கண்டுபிடிக்காமல் உலகத்திலேயே உயர்ந்த எதிர்ப்பொருளைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு என்ன பயன்? வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், வெள்ளம் எந்தப் பக்கம் வருகிறதென்று முதலில் பார்க்க வேண்டாமா?

தொற்று மிகுந்த இடங்களில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்துக்குப் பிறகு 14-ஆவது வாரம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் இன்னொரு முறை செய்யலாம் என்றும் இடம் கொடுக்கிறது. 14-ஆவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி நாள். தாய் தானாகவே வந்து நிற்கிறாள்! விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், இருபது நிமிடம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தத் துரிதச் சோதனை தாய்க்குத்தான். பிள்ளைக்குச் செய்தால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே 18 மாதம் வரை தொற்று என்று காட்டி ஏமாற்றும். பிள்ளைக்கு வைரஸையே தேடும் பி.சி.ஆர். வேண்டும்.

அவைத்தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். விலை பற்றிச் சொல்ல வந்தது அப்படியே நிற்கிறது, பேராசிரியர் அவர்கள் இன்னொரு கூட்டம் போட்டால் வந்து பேசுகிறேன். சுகாதாரத் துறைப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் மட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் 14-ஆவது வாரத்துக்கு எதிரே ஒரு கட்டம் கூடுதலாக அச்சிடுங்கள்: தாய்க்கு மறுபரிசோதனை, தேதி, செய்தவர் கையொப்பம். மாதிரி அட்டை வரவேற்பு மேசையில் இருக்கிறது. செவிலியர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் பார்த்து, பணியின்போது எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதுமா என்று சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.