ஆறில்லாத துறைத் தெரு: கார்டிஃப் நகர நடுவில் ஒரு நடை

[காட்சி: 'கீ ஸ்ட்ரீட்' பெயர்ப் பலகை. கேமரா மெல்லத் திரும்ப, தெருமுனையில் ஸ்டேடியம்.]

வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். நாம் நிற்கிற இந்தத் தெருவின் பெயர் கீ ஸ்ட்ரீட். பூட்டைத் திறக்கிற கீ இல்லைங்க, இந்தக் கீக்குக் கப்பல் துறை என்று பொருள். துறைத் தெரு என்றால் முனையில் தண்ணீர் இருக்க வேண்டுமே? இருப்பது ரக்பி ஸ்டேடியம். சுமார் 74,000 பேர் உட்காரலாம், ஒரு தோணியைக் கட்ட இடமில்லை.

[காட்சி: பழைய வரைபடம். ஆற்றின் கோடு நீல நிறத்தில் நகர்கிறது.]

தண்ணீர் இருந்தது. இன்றைய வெஸ்ட்கேட் ஸ்ட்ரீட் பக்கமாகத்தான் டாஃப் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ரயில் வரப்போகிறது, வெள்ளம் ஏறாத விசாலமான இடம் ஸ்டேஷனுக்கு வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, ரயில் பாதையின் பொறியாளர் புரூனெல் சொன்ன யோசனை: ஆற்றை மேற்கே தள்ளிவிடலாம். சொன்னபடி தள்ளியும் விட்டார்கள். 1850-ல் ஸ்டேஷன் திறந்தது. பழைய ஆற்றுப் படுகையைத் தூர்த்த இடத்தில் பிறகு தெரு வந்தது, விளையாட்டு மைதானமும் வந்தது.

பக்கத்திலேயே கோலேட் என்றொரு குறுகிய சந்து. கப்பலுக்கு நேரமாகிவிட்ட மாலுமிகள் இதில் புகுந்து ஓடுவார்களாம், அதனால் 'கோ லேட்'. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

[காட்சி: செயின்ட் மேரி ஸ்ட்ரீட், மாலைக் கூட்டம்.]

இது செயின்ட் மேரி ஸ்ட்ரீட். அந்த மேரி மாதா கோவில் எங்கே? ஆறு அதன் அடித்தளத்தை அரித்துக்கொண்டே இருந்தது. 1607 ஜனவரியில் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதியின் கரையெங்கும் வந்த பெருவெள்ளம் மீதியை முடித்துவிட்டது. இப்போது பெயர் மட்டும் தெருவுக்கு.

[காட்சி: கார்டிஃப் மார்க்கெட் வாசல், மீன் கடை, மாடிக் கடைகள்.]

1891-ல் திறந்த மார்க்கெட் இது. கண்ணாடிக் கூரை, உள்ளே நுழைந்ததும் மீன் வாடை. ஆனால் இந்த இடத்தில் முன்பு இருந்தது சிறைச்சாலை. 1831-ல் மெர்த்தர் டிட்ஃபில் என்ற ஊரில் இரும்பாலை, சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போது ஒரு சிப்பாயின் காலில் கத்தி பாய்ந்தது. குத்தியதாகப் பிடிக்கப்பட்டவர் ரிச்சர்ட் லூயிஸ், ஊரார் வாயில் டிக் பெண்டெரின். சிப்பாய் பிழைத்துக்கொண்டான். குத்தியது யார் என்று அவனாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் கருணை மனுவில் கையெழுத்திட்டும் பயனில்லை. ஆகஸ்ட் 13 அன்று, 23 வயதில், இதோ இந்தச் சிறை வாசலில் தூக்கிலிட்டார்கள். பல்லாண்டு கழித்து அமெரிக்காவில் சாகக் கிடந்த இன்னொருவர், குத்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். மார்க்கெட் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பை நிறையக் காய்கறியோடு போகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை.

[காட்சி: ராயல் ஆர்க்கேட், காசில் ஆர்க்கேட், வேகமாக.]

ஆர்க்கேட் என்பது கண்ணாடிக் கூரை போட்ட கடை வீதி. மூத்தது ராயல் ஆர்க்கேட், 1858. ஏன் எல்லாமே ஒல்லியாக, நீளமாக? இடைக்காலத்தில் மனைகளைத் தெரு முகப்பு குறுகலாக, பின்பக்கம் நீளமாக அளந்து கொடுத்தார்கள். அந்த அளவுக்குள்தான் கடைகளை அடுக்க முடிந்தது. மழை ஊர் வேறு, கூரைக்கு மவுசு கேட்கவா வேண்டும்?

[காட்சி: கோட்டை வழியாக விலங்குச் சுவர்.]

கடைசியாக, கோட்டைப் பக்கம் உள்ள விலங்குச் சுவர்: மேலே சிங்கம் முதலான மிருகங்களின் கற்சிலைகள் உள்ள சுவர். கட்டடக் கலைஞர் பர்ஜெஸ் திட்டமிட்டது. கோட்டைக்கு முன்னால் இருந்ததைச் சாலையை அகலப்படுத்தப் பெயர்த்து, பியூட் பார்க் ஓரம் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றையே நகர்த்தியவர்களுக்குச் சிங்கம் எம்மாத்திரம்! இடம் மாறியபின் புதிதாக 6 விலங்குகளைச் சேர்த்தார்கள். பழையது எது, புதியது எது என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்: முதலில் செய்தவற்றுக்குக் கண்ணாடிக் கண்.

[காட்சி: சிங்கத்தின் கண், மிக அருகில். அதில் ஒரு சிவப்புப் பஸ் கடந்து போகிறது.]