கட்டித் தரட்டுமா என்று முதலில் கேட்க வேண்டியது யார்?

(திருச்சியில் உணவகப் பணிக்குப் பயிற்சி முடித்து வெளியேறும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த மாதம் வேலைக்குப் போகவிருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

1991-இல் ஒரு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் மேசை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போவதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் இரவு சாப்பிட வந்தார்கள். பரோட்டா, குருமா, தோசை, ஒரு தட்டு வடை என்று வாங்கினார்கள். குழந்தைகள் பாதியிலேயே தூங்கி விழுந்துவிட்டார்கள். யாரும் கை வைக்காத இரண்டு பரோட்டாவும் ஒரு வடையும் நடுத்தட்டில் அப்படியே இருந்தன. அந்த அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வடையை அதில் வைத்து மடிக்கப் பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர், "என்னம்மா அது, எடுத்துக்கொண்டு போகிறீர்களா?" என்று கூடம் முழுவதும் கேட்கும்படி கேட்டார். போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான். நாலு மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

காசு கொடுத்து வாங்கிய வடை. அதை வாளியில் கொட்டியவன் நான்.

அந்த வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பிட வருகிறவர்களில் பலர், "நாம் விட்டுப்போனால் வேலை செய்கிற பையன்கள் யாராவது சாப்பிடுவார்கள்" என்று நல்லெண்ணத்தோடு நினைக்கிறார்கள். யாரும் சாப்பிடுவதில்லை. தொடாத பரோட்டாவும், கடித்துப் போட்ட எலும்பும், கை துடைத்த தாளும் ஒரே வாளிக்குள்தான் போகின்றன. விடியற்காலையில் பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்தால் அவர்களுக்கு. இல்லாவிட்டால் குப்பை வண்டிக்கு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியிருக்கிறது. அதில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு. உணவகம், விடுதி போன்ற நம் தொழிலின் பங்கு 28 விழுக்காடு. கோடிக்கணக்கான டன் எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது. ஒரு வாளி எவ்வளவு கனம் என்று தெரியும். இரவு பதினொரு மணிக்கு இரண்டு பேர் பிடித்துத் தூக்குவோம்.

நம் மக்களுக்கு ஏன் கூச்சம் வருகிறது? இதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தமிழில் மிச்சம் என்றும் எச்சில் என்றும் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. கிண்ணத்தில் கரண்டியோடு நிற்கும் குருமா மிச்சம். இலையில் பிசைந்து விட்டது எச்சில். நம் பாட்டிமார்கள் இந்த வேறுபாட்டை ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பழையதாகச் சாப்பிட்டார்கள். எச்சிலைத் தொட்டால் கை கழுவினார்கள். உணவகத்து மேசையில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுந்து கை கழுவப் போனதும் மேசையில் இருப்பதெல்லாம் எச்சில் என்று ஆகிவிடுகிறது.

சோற்றைக் கட்டிக் கொண்டுபோவது நமக்கு இழிவாக இருந்ததே இல்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கொங்கு நாட்டில் நிறைமாதப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைப்பதற்குக் கட்டுச்சோறு என்றே பெயர். கட்டிய சோறு கௌரவமான பொருளாக இருந்த ஊரில், இன்று ஒரு பொட்டலம் கேட்பதற்கு மனிதர்கள் தலையைக் குனிகிறார்கள்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இப்படிக் கட்டித் தரும் பொட்டலத்துக்கு, நாய்ப் பை என்று பொருள்படும்படி, டாகி பேக் என்று பெயர். அந்தப் பெயர் கூச்சத்தை மறைக்கவும் உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், சான் பிரான்சிஸ்கோ உணவகங்கள் வளர்ப்பு நாய்க்கு என்று சொல்லி அட்டைப் பெட்டிகள் கொடுத்தன. சியாட்டில் விடுதிகள் நாய்க்கு எலும்பு என்று அச்சிட்ட மெழுகுத்தாள் பைகள் கொடுத்தன. பின்னாளில், நாய் வளர்க்காதவர்களும் நாயின் பெயரைச் சொல்லித் தங்கள் இறைச்சியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பிரான்சில் 2021 ஜூலை 1 முதல், கேட்கும் வாடிக்கையாளருக்கு மிச்சத்தைக் கட்டித் தர வேண்டியது உணவகத்தின் சட்டக் கடமை. ஸ்பெயின் 2025-இல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போகிறது: மிச்சத்தைக் கூடுதல் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம் என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உணவகமே தெரிவிக்க வேண்டும். அளவில்லாமல் எடுத்து உண்ணும் பஃபே முறைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு நியாயமானது. நம் முழுச்சாப்பாட்டுக்கும் அதே நியாயம்தான்; அளவுச்சாப்பாடு வாங்கியவர் மிச்சத்தைக் கேட்டால் அது அவருடையது.

ஸ்பெயின் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஓர் அம்சம்தான்: முதலில் பேச வேண்டியது உணவகம். பிள்ளைகளே, நான் சொல்ல வந்ததும் அதுவே. வாடிக்கையாளர் கூச்சத்தை விட வேண்டும் என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் பயன் இல்லை. கூச்சப்படுகிறவரைக் கேட்க வைக்காதீர்கள். நீங்கள் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில் எல்லாம் இருக்கிறது. நான் மேற்பார்வையாளர் ஆன பிறகு என் கூடத்தில் பழக்கியதைச் சொல்கிறேன். பில் கொண்டுபோவதற்கு முன்பு கேட்க வேண்டும். கிண்ணங்களை அடுக்கத் தொடங்கிய பிறகு கேட்டால், பண்டம் ஏற்கனவே எச்சிலாகிவிட்டது. "மிச்சத்தைக் கட்டவா?" என்று கேட்கக் கூடாது, "இந்தக் குருமாவை வீட்டுக்குக் கட்டித் தரட்டுமா?" என்று பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மேசைக்கு அருகே குனிந்து, அந்த மேசைக்கு மட்டும் கேட்கும் குரலில். வேண்டாம் என்றால் இரண்டாம் முறை வற்புறுத்தக் கூடாது. இந்தப் பழக்கம் வந்த பிறகு, கட்டிக்கொண்டு போகிறவர்கள் கூடியதை என் கண்ணால் பார்த்தேன்.

"வீட்டில் கெட்டுப்போய்ச் சாப்பிட்டு வயிற்றுக்கு ஆகாவிட்டால் நம் பெயர் கெடும்" என்று முதலாளிகள் சொல்வார்கள். அந்தப் பயத்தை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். அதில் உண்மை இருக்கிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதியிலும் அவை சாவதில்லை. வேகவைத்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் ஆபத்தான எல்லை என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். மே மாதம், மூடிய காரின் பின் இருக்கையில் பிரியாணிப் பொட்டலம். அது எந்த எல்லையில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பொட்டலத்தின் மேல் நேரத்தை எழுதுங்கள். உணவு சமையலறையிலிருந்து வந்த நேரம்; கட்டிய நேரம் வேண்டாம். அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணச் சொல்லுங்கள். வெளியூர்ப் பஸ் பிடிக்கப் போகிறவர் என்று தெரிந்தால், கட்டாமல் இருப்பதே நல்லது. அதை அன்பாகச் சொல்லலாம். தேங்காய்ச் சட்னியை நான் கட்டித் தரமாட்டேன். பச்சை முட்டை மயோனைஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்; தமிழக அரசே 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை போட்டது. இலையில் பிசைந்ததையும் கட்ட வேண்டாம்.

எதில் கட்டுவது? 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் சூடான சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி முடிச்சுப் போடுவதை இன்றும் பார்க்கிறோம். பரோட்டாவுக்கு வாழையிலையும் தாளும் போதும். குழம்புக்கு மூடியுள்ள அட்டைக் கிண்ணம். தூக்குவாளியோடு வந்து சாம்பார் வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவரை முகம் மலர்ந்து வரவேற்றால் நாலு பேர் கொண்டுவருவார்கள்.

நாளை உங்கள் பயிற்சிக் கூடத்தில் கடைசிச் செய்முறை வகுப்பு என்று ஆசிரியர் சொன்னார். பத்து மேசை போடுங்கள். பாதிப் பேர் குடும்பமாக உட்காருங்கள். பாதிப் பேர் பரிமாறுங்கள். நடுத்தட்டில் ஒரு வடை மிஞ்சட்டும். அதை எப்படிக் கேட்கிறீர்கள் என்று பக்கத்து மேசையில் இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவர் காதில் விழுந்தால், குரலைத் தாழ்த்தி மறுபடி கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.