கெமரா ஏன் பிந்திக் காட்டுகிறது?

வணக்கம் நேயர்களே.

வீட்டு வாசலில் பூட்டியிருக்கிற வைஃபை கெமராவைப் போனில் திறந்தால் படம் பிந்தி வருகிறது, சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்துகிறது என்று மலையகத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஹட்டன் பக்கம் கெமரா பூட்டுகிற வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஒன்றிரண்டு வினாடி பிந்துவது எல்லா வைஃபை கெமராவிலும் உண்டு, அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் சிறுத்தை நடமாடுகிற தோட்டத்தில், நாய் குரைக்கிறது என்று போனைப் பார்த்துவிட்டு ஒருவர் கதவைத் திறக்கிறார், அவர் பார்த்தது அரை நிமிடத்துக்கு முந்தைய படம் என்றால் அந்தக் கெமரா அவரை ஏமாற்றிவிட்டது.

பிந்துகிறது என்றதும் புதுக் கெமரா வாங்காதீர்கள், பெரிய டேட்டா பெக்கேஜும் போடாதீர்கள். முதலில் தாமதம் எங்கே என்று பாருங்கள். கெமராவிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே போவது இன்னொரு பாதை. ஒரு போனில் ஸ்டொப்வொச்சை ஓடவிட்டு கெமராவுக்கு முன்னால் பிடியுங்கள், இன்னொரு போனில் நேரலையைத் திறந்து, இரண்டு திரையும் தெரிகிற மாதிரி மூன்றாவது போனால் ஒரு படம் எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். இதை வீட்டு வைஃபையில் ஒரு தடவையும், நேரலை பார்க்கிற போனில் மட்டும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு தடவையும் செய்யுங்கள். வைஃபையில் சரியாக வந்து டேட்டாவில் மட்டும் பிந்தினால் கெமராவில் பிழையில்லை, வெளியே போகிற பாதையில்தான் சிக்கல். இரண்டிலும் பிந்தினால் முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்.

வீட்டுக்குள் என்றால் நம் வீடுகளுக்கே உரிய காரணங்கள் சில இருக்கின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயன்களின் கருங்கல் சுவர் வைஃபையை விழுங்கும், தகரம் அதைத் திருப்பியடிக்கும். ரவுட்டரை உள் காம்பராவில் அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, கெமராவை இஸ்தோப்புத் தகரத்துக்குக் கீழே பூட்டினால் சிக்னல் எப்படிப் போகும்? கெமரா செயலியின் செட்டிங்ஸில் சிக்னல் அளவு இருந்தால் பாருங்கள், மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 80க்குப் போனால் படம் இழுபடும். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைவிட 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் லயன் வரிசையில் எல்லா வீட்டு ரவுட்டரும் அந்த 2.4இல்தான் நெரிசல்படும். அதனால் ரவுட்டர் செட்டிங்ஸில் சனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற மலிவான ரிப்பீட்டர் வாங்கிப் பூட்டுவதை நான் விரும்புவதில்லை, ஒரே அலைவரிசையில் வாங்கி ஒரே அலைவரிசையில் அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கெமராவில் நெட்வேர்க் கேபிள் குத்துகிற துளை இருந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள், 100 மீற்றர் வரை தாராளமாக இழுக்கலாம்.

இனி பனி. மூடுபனி வந்தால் கெமரா பிந்துகிறது, பனி சிக்னலை மறைக்கிறது என்கிறார்கள். பிந்துவது உண்மை, ஆனால் காரணம் வேறு. வைஃபை அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. இரவில் கெமரா தன்னுடைய அகச்சிவப்பு விளக்கைப் போடுகிறது, அந்த ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது, படம் முழுக்க வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. வீடியோவைச் சுருக்குகிற முறை அசையாத இடங்களைத் திரும்ப அனுப்பாமல் விடுவதால்தான் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறது, படம் முழுவதும் அசைந்தால் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை, அனுப்ப வேண்டிய டேட்டா கூடிப் படம் பிந்துகிறது. மழைக்கோடும் காற்றில் ஆடுகிற மரக்கிளையும் இதையேதான் செய்யும். கெமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து மரத்தைப் படத்திலிருந்து ஒதுக்குங்கள். பனிக்காலத்தில் அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, கெமராவிலிருந்து தள்ளி ஒரு பக்கமாக சாதாரண பல்ப் ஒன்று போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

வெளியே போகிற பாதைக்கு வருவோம், அதிகமான வீடுகளில் பிரச்சினை இங்கேதான். கடையில் சொல்கிற வேகம் நமக்கு இறங்குகிற வேகம். கெமராவுக்குத் தேவை ஏறுகிற வேகம், அதாவது அப்லோட், அது சிம் போடுகிற 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் குறைவு. 1080 தரத்தில் ஒரு கெமராவுக்குச் சாதாரணமாக வினாடிக்கு 1 முதல் 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேண்டும், நான்கு கெமராவையும் ஒன்றாகத் திறந்தால் கணக்கை நீங்களே போடுங்கள். பொழுதுபட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து போனை எடுக்கும்போது டவரே திணறும். அப்போது தவறிய துண்டுகளைக் கெமரா திரும்ப அனுப்பப் பார்க்கும், கினிகத்தேனை வளைவில் ஒரு லொறி நின்றால் பின்னால் வரிசை நீளுகிற மாதிரி படமும் பின்னுக்குப் பின்னுக்குத் தள்ளிப்போகும். பார்க்கப் பார்க்கத் தாமதம் கூடிக்கொண்டே போனால் இதுதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், செயலியை மூடித் திறந்தால் வரிசை கலைந்து படம் இப்போதைய நேரத்துக்கு வரும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் செயலியில் படத் தரத்தை எச்டியிலிருந்து அதைவிடக் குறைந்த எஸ்டிக்கு மாற்றுங்கள், வீடியோவைச் சுருக்குகிற முறையில் எச் 265 என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், எச் 264ஐவிட ஏறத்தாழ பாதி டேட்டாவில் அதே படம் வரும். பதிவை மெமரி கார்டில் எச்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், அது அப்லோடைத் தொடாது. இணையத்தில் சேமிக்கிற கிளவுட் பதிவைத் தொடர்ச்சியாக ஓடவிட்டிருப்பவர்களுக்கு அது இரவு பகலாக அப்லோடைத் தின்னும், தேவையில்லாவிட்டால் நிறுத்துங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம், நடுவில் ஒரு மலை நின்றால் 4ஜி அலை வளைந்து வராது. டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலில் வைத்து அப்லோட் வேகத்தை அளந்து பாருங்கள், பிறகு அடுத்த ஜன்னலில் வைத்து அளந்து பாருங்கள்.

பற்றரி கெமரா கதை வேறு. அது பற்றரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் திறக்கும்போதுதான் எழும்பும், அந்தச் சில வினாடியை எந்த செட்டிங்ஸாலும் போக்க முடியாது. சிறுத்தைக்குப் பயந்து வாங்குகிறீர்கள் என்றால் கரண்டில் ஓடுகிற, கேபிள் குத்துகிற வசதியுள்ள கெமராவையே கேட்டு வாங்குங்கள்.