எண்ணெய்த் தேக்கத்தின் இரண்டு படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடலடிப் பாறையின் நுண்துளைகளில் தேங்கியுள்ள எண்ணெயை எடுக்கத் தொடங்கிய பின்னர், எங்கே நீர் புகுந்தது, எங்கே எண்ணெய் இன்னும் தங்கியிருக்கிறது என்பதைக் கிணறுகளைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. ஒரு கிணறு தன்னைச் சுற்றியுள்ள சிறு பகுதியையே காட்டும். ஆகவே, உற்பத்திக்கு முன்னர் ஒருமுறையும் சில ஆண்டுகள் கழித்து மறுமுறையும் அதே இடத்தில், கப்பலிலிருந்து ஒலியலைகளை அனுப்பிக் கடலடிப் பாறையைப் படமெடுக்கும் நில அதிர்வு அளவீடு செய்து, பாறைப் படைகளில் பட்டுத் திரும்பும் ஒலியலைகளின் வீச்சத்தையும் அவை வந்துசேரும் நேரத்தையும் ஒப்பிடுகிறார்கள்.

எண்ணெய் இருந்த துளைகளில் நீர் புகுந்தால் பொதுவாக அலையின் வேகம் கூடும். அமுக்கம் குறைந்து, எண்ணெயில் கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்தால், அந்த வாயு சிறிதளவாக இருந்தாலும் வேகம் வெகுவாகக் குறையும். எண்ணெயைத் தள்ளுவதற்காக நீர் செலுத்தும் கிணற்றின் அருகில்தான் சிக்கல் எழுகிறது. அங்கே துளைகளுக்குள் அமுக்கம் ஏறிப் பாறையின் கட்டுத் தளர்வதால், நீர் கூட்டிய வேகத்தை அமுக்கம் குறைத்துவிடக்கூடும். படத்தில் மாற்றம் தெரியாத இடத்திலும் மாற்றம் நடந்திருக்கலாம் என்பதால், கிணற்று அமுக்கப் பதிவுகளை அருகில் வைத்துக்கொள்ளாமல் இப்படங்களுக்குப் பொருள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அதற்கும் முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தேக்கத்துக்கு மேலேயுள்ள பாறையில் இரு அளவீடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். அங்கே எண்ணெய் எடுக்கப்படாததால், வேறுபாடு தெரிந்தால் அது அளவீட்டிலிருந்தோ கடலிலிருந்தோ வந்ததாகும். (தேக்கம் அமுங்கி மேற்பாறை இழுபடும் நோர்வேயின் எக்கோஃபிஸ்க் போன்ற களங்கள் இதற்கு விலக்கு.) கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்கிறது. நீர்மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்தாலே அலை போய்வரும் நேரம் 1.3 மில்லிசெக்கன் கூடிவிடும். நாம் தேடும் மாற்றமும் பல வேளைகளில் சில மில்லிசெக்கன்களே. நமது மட்டக்களப்புக் கடலையே எடுத்துக்கொள்வோம். மாரியில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்துக் கடல் வேறு; நீரில் ஒலியின் வேகமும் அதற்கேற்ப மாறும். இவ்விரு காலங்களில் எடுத்த படங்களைத் திருத்தாமல் ஒப்பிட்டால், கடலின் மாற்றத்தைப் பாறையின் மாற்றமென்று வாசித்துவிடுவோம்.

நன்றாகச் செய்யப்பட்டதற்கு நோர்வேயின் ஸ்லைப்னர் களம் சான்று. அங்கே 1996 முதல், எரிவாயுவிலிருந்து பிரித்த காபனீரொட்சைட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் தொன் வீதம், கடலடியில் உப்புநீர் நிறைந்த மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். 1994 இல் எடுத்த அடிப்படைப் படத்துடன் 1999 இல் எடுத்ததை ஒப்பிட்டபோது, வாயு படர்ந்த மெல்லிய அடுக்குகள் பளிச்செனத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழிருந்த படைகளோ தாழ்ந்துவிட்டவை போலத் தோன்றின. உண்மையில் அவை அசையவில்லை. வாயுவுக்குள் அலை மெதுவாகச் சென்று பிந்தித் திரும்பியதே காரணம். அந்தப் பிந்தலிலிருந்தே வாயு எவ்வளவு என்று மதிப்பிடவும் முடிந்தது.

இலங்கையில் 2011 இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டது. அங்கோ நமது கிழக்குக் கடலிலோ என்றேனும் உற்பத்தி தொடங்குமானால், அடிப்படை அளவீட்டை முதல் வாயு வெளியேறுமுன் செய்துவிடவேண்டும். பின்வரும் அளவீடுகளுக்கும் அதே பருவத்தையே தெரிவுசெய்வதும், கப்பலின் பாதையை முற்கூட்டியே மீனவர் சங்கங்களுடன் பேசி முடிவுசெய்வதும் நலம். வலைகளை விலக்கிச் சுற்றிப்போகும் கப்பல் அதே பாதையில் மீண்டும் செல்லாது.