கர்த்தருக்குத் தெரியும், மனுஷருக்கு?

ஏற்காட்டில் இப்போது காபிப் பழம் பறிக்கிற சமயம். விடிந்ததும் தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள் நிறையப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்ததும் மலையிலானாலும் கீழே சேலத்திலானாலும் ஒரு பேச்சு கிளம்பும். காணிக்கையாக வந்த பலாப்பழமும் சேவலும் ஏலத்தில் போன பணம் எங்கே, பொருளாளர் எடுத்துக்கொண்டாரா என்று டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். ராத்திரி கண்விழித்து ரசீது எழுதியவருக்கு அது எப்படி வலிக்கும்! உடனே அவர் சொல்கிற பதில், "கர்த்தருக்குத் தெரியும்." அப்புறம் சொன்னவரோடு பேச்சே கிடையாது, திருவிருந்து நாளில்கூட முகம் கொடுப்பதில்லை.

கர்த்தருக்குத் தெரியும், சரி. ஆனால் எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்த பவுல் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லையே. யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரனையும் கூட வைத்துக்கொண்டார். "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" என்று எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:21). ஆகவே கணக்கு நோட்டை எடுத்து மேசையில் வையுங்கள். கணக்கு கேட்பது அவமானம் இல்லை.

பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைக்கிறோம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே, பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது, நான் தகாததைப் பேசியிருந்தால் அதைச் சொல், இல்லையென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திட்டவில்லை, மிரட்டவில்லை, ஆனால் கேட்டார். அற்புதம் பார்க்க ஆசைப்பட்ட கலிலேயா அதிபதி ஏரோதுக்கு மட்டும் ஒரு பதிலும் இல்லை. "வையப்படும்போது பதில்வையாமலும்", அதாவது திட்டு வாங்கியும் திருப்பித் திட்டாமல், என்று இயேசுவைப் பற்றிப் பேதுரு எழுதிய வசனத்தைக் காட்டி, கூலி குறைந்ததைக் கேட்கிற தொழிலாளியின் வாயை அடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கூலி பிடிக்கப்பட்டவர்களின் கூக்குரல் கர்த்தருடைய காதில் விழுந்தது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தானே இருக்கிறது.

நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "ஒருவர் என்னைப் பற்றி அவதூறு பேசுகிறார், ஜெபியுங்கள்" என்போம். பெயர் சொல்ல மாட்டோம், ஆனால் ஆள் யாரென்று கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பழிதான் வாங்குகிறோம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசு என்கிறது மத்தேயு 18:15. அவர் வீட்டுக்கே போங்கள், நோட்டையும் கொண்டுபோங்கள். அப்போதும் நம்பவில்லையா, இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போகச் சொல்லி அடுத்த வசனமே இருக்கிறது.