திண்ணையில் வைத்த செம்பு

மதுரை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மானாமதுரைக்குப் பக்கம் எங்கள் அப்பத்தா ஊர். வீட்டுக்குப் பின்னால் புஞ்சை, புஞ்சையைத் தாண்டினால் ராமேசுவரம் போகிற ரயில் பாதை. மார்கழி பிறந்து ஆறேழு நாள் ஆனதும், ஒரு ராத்திரி மட்டும், அப்பத்தா வெண்கலச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி, நிறையத் தண்ணீர் மொண்டு திண்ணை ஓரத்தில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்க்கும். யாருக்கு என்று கேட்டால், "தனுஷ்கோடி வண்டியில போன சனத்துக்குடா. உப்புத் தண்ணியாக் குடிச்சிருக்கும்ல, நாக்கு வறண்டு வரும்" என்று சொல்லும்.

எனக்குத் தூக்கம் வராது. கடைசி வண்டி போன பிறகும் இன்னொரு விசில் கேட்கும் என்று ஊரே சொல்லும். போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். விடிந்ததும் ஓடிப்போய்த் தட்டைத் தூக்கி, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பத்தா பார்க்காது. அப்படியே முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டுச் செம்பை உள்ளே எடுத்துப் போகும். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த வண்டியில் அப்பத்தாவுக்குச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1964 டிசம்பர் 22. அன்றைக்குத் தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊர். ரயிலை விட்டு இறங்கினால் கப்பல், கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். அந்த இரவு பெரும் புயல். 11.55-க்குப் பாம்பனிலிருந்து பாசஞ்சர் வண்டி கிளம்பியது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கைகாட்டி விளக்கு எரியவில்லை, ஓட்டுநர் நீளமாக விசில் ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். அடுத்து வந்த அலையில் வண்டியே போயிற்று. நூறு பேருக்கு மேல். சரியான கணக்கு இல்லை, சீட்டு வாங்காமல் ஏறியவர்களை யார் எண்ணுவது? பாம்பன் பாலம் உடைந்து, தந்திக் கம்பிகள் அறுந்து, செய்தி வெளியே வரவே நாளாயிற்று. பாலத்தை 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் சரி செய்துவிட்டார்கள். ஊரைச் சரி செய்யவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த விசில்தான் கதையாகிவிட்டது. கடலுக்குள்ளிருந்து ரயில் சத்தம் கேட்கும், அலை மேல் வரிசையாக விளக்கு தெரியும் என்பார்கள்.

பேய்க்கதை கேட்டுத் திரிவது எனக்கு நாற்பது வருடப் பழக்கம். நம் பக்கத்துப் பேய்களுக்கெல்லாம் விலாசம் உண்டு. கண்மாய்க் கரைப் புளியமரத்தில் இருப்பது யார் மகள், எந்த வருடம், என்ன குறை, எல்லாம் ஊருக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்ச காலத்தில் அவளுக்கு ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, சேலை சாத்தி, வீட்டுத் தெய்வமாக்கிவிடுகிறோம். தனுஷ்கோடியில் அது நடக்கவில்லை. அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. புயல் வந்த தேதி இருக்கிறது, ஊர் அழிந்த சேதி இருக்கிறது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு பெயர்கூடக் கண்ணில் படவில்லை.

ஆண்டிபட்டிக்குப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லை நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல். ஆநிரைச் சண்டையில் செத்த ஒருவனுடைய கல் அது. என்ன எழுதியிருக்கிறார்கள்? தீயன் அந்தவன். பெயர் எழுதியிருக்கிறார்கள். பெயர்தான் முக்கியம், திரும்பவும் சொல்கிறேன், பெயர்தான்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 'பேய் நகரம்' என்று அந்த ஊரை வாய் கூசாமல் சொல்கிறோம். பேய்க்காற்று அடித்தது உண்மை, பேய்மழை பெய்தது உண்மை. ஆனால் ஊர் பேய் ஊர் இல்லை. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேயே இருந்தார்கள். சாலை வராத காலத்தில், மணலில் ஆடிக்கொண்டே போகும் வேனில் போய் இறங்கினேன். தாகம். ஒரு அக்கா மணலைக் கையால் பறித்தார். முழங்கை ஆழம்கூட இருக்காது, ஈரம் கசிந்து குழியில் தண்ணீர் ஊறியது. சிரட்டையால் மொண்டு கொடுத்தார். இந்தப் பக்கம் அலை புரளும் ஆண் கடல், அந்தப் பக்கம் அலை அடங்கிய பெண் கடல், நடுவில் கொஞ்சம் மணல், அதற்குள் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் மேலேயே தங்கிவிடுகிறது.

அவரிடம் ரயில் பேயைப் பற்றிக் கேட்டேன். பயந்தவர் மாதிரி தெரியவில்லை. "சத்தம் கேட்கும்ணே. காத்து இடிஞ்ச கோயில் சன்னல் வழியாப் போனாலும் அப்படித்தான் கேட்கும். எங்க அப்பாவோட அண்ணன் அதுலதான் போனாரு. சத்தம் கேட்டா, பெரியப்பா வர்றாருன்னு சொல்லிக்குவோம்" என்றார். நாம் பேய் என்பதை அவர் பெரியப்பா என்கிறார். சொல்லிவிட்டு அந்தச் சிரட்டையை எடுத்துக் குழியில் விழுந்த மணலை ஒதுக்க ஆரம்பித்தார்.

தர்ப்பணம் முடிகிற இடத்தில் ஒரு மந்திரம் வரும். தாய் இல்லாதவர், தகப்பன் இல்லாதவர், உறவு என்று யாருமே இல்லாதவர், அவர்களும் இந்தத் தண்ணீரால் திருப்தி அடையட்டும் என்று அதற்குப் பொருள். எங்கள் அப்பத்தாவுக்கு அந்த மந்திரம் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சென்னை எலியட்ஸ் கடற்கரையில், 1930-இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபம் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். இப்போது ஒன்று மட்டும்: அதில் அவர் பெயர் இருக்கிறது. அப்புறம் ஒரு கேட்டுக்கொள்ளல். அந்த வண்டியில் போனவர்கள் யாரையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால், பெயரும் ஊரும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வாரமே கேளுங்கள், அவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது. வணக்கம்.