நாற்காலியைத் தூக்கிய காபிக் கடை

நேயர்களுக்கு வணக்கம்.

2008 பிப்ரவரி 26 அன்று மாலை, அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 7,100 காபிக் கடைகள் ஒரே சமயத்தில் கதவைச் சாத்தின. வேலைநிறுத்தம் எதுவும் இல்லை. எஸ்பிரெஸோ போடுவது எப்படி என்று ஊழியர்களுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்க மூன்றரை மணி நேரம் ஒதுக்கினார்கள். எங்கள் ஆட்களுக்குக் காபி போடுவது மறந்துவிட்டது என்று ஊரறியச் சொல்வதற்கு ஒப்பானது அது.

ஓராண்டுக்கு முன்பே, அப்போது ஸ்டார்பக்ஸ் இயக்குநர் குழுவின் தலைவராக இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தம் நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதம் ஒன்று வெளியே கசிந்திருந்தது. மணம் போய்விட்டது என்பது அவருடைய புலம்பல். காபிக்கொட்டையைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து அனுப்பியதால் கடையில் காபி வாசனையே இல்லை. புதிய தானியங்கி இயந்திரங்களோ, காபி போடுகிறவரின் முகத்தை மறைக்கும் உயரத்தில் இருந்தன. பை கொட்டையைக் கெடாமல் வைத்தது, இயந்திரம் வேலையை விரைவாக்கியது. இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து காபிக் கடையைக் காபிக் கடையாக இல்லாமல் செய்துவிட்டன. ஷுல்ட்ஸ் 2008 ஜனவரியில் மீண்டும் தலைமைச் செயல் அதிகாரியானார். அந்த ஆண்டே அமெரிக்காவில் 600 கிளைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

பதினாறு ஆண்டுகள் கழித்து அதே நோய் திரும்பியது. இம்முறை கைபேசிச் செயலி வழியாக. வீட்டிலிருந்தே சொல்லிவிட்டு, கடையில் கோப்பையை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்கு நேரில் வந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முன்னால் நிற்பது இரண்டே பேர், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இருபது பேர் செயலியில் காத்திருக்கிறார்கள். ஆள் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இங்கே காரணமே தெரியாமல் கால் கடுக்க நிற்க வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் தனிச் சிரப், தனி நுரை, தனிப் பால் என்று விருப்பங்கள் வேறு. அச்சு இயந்திரம் துப்பும் சீட்டுகளுக்கு ஈடுகொடுக்க இரண்டு கைகள் எப்படிப் போதும்? இதற்கிடையில், உட்கார்ந்து குடிப்பவர் குறைந்துவிட்டார் என்று பல கிளைகளில் நாற்காலிகளையும் எடுத்துவிட்டார்கள்.

விற்பனை சரிந்தது. 2024 ஆகஸ்டில் தலைமைச் செயல் அதிகாரி லக்ஷ்மண் நரசிம்மனை விலக்கிவிட்டு, சிபோட்லே உணவக நிறுவனத்திலிருந்து பிரையன் நிக்கோலைக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே பங்கு விலை ஏறக்குறைய கால் பங்கு உயர்ந்தது. அவர் அதுவரை ஒரு கோப்பைகூட விற்றிருக்கவில்லை!

நிக்கோலின் மருந்து பழைய மருந்துதான். பீங்கான் கோப்பை, பாலும் சர்க்கரையும் தாமே கலந்துகொள்ளும் மேடை, மெத்தை நாற்காலி எல்லாம் திரும்பி வருகின்றன. காகிதக் கோப்பையில் ஊழியர் பேனாவால் இரண்டு வார்த்தை எழுத வேண்டும் என்கிறார்கள். பேனா விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டுகள் குவிந்து கிடக்கும்போது எழுதும் அன்பான வாசகமும் வேலைச் சுமைதானே. உண்மையான சீர்திருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பானப் பட்டியலில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குறைக்கத் திட்டமிட்டார்கள். நான்கு நிமிடத்துக்குள் கோப்பை கைக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முன்னால் கேட்டவருக்கு முன்னால் என்ற முறையை விட்டு, எதை முதலில் போடலாம் என்று கணிக்கும் மென்பொருளையும் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற 2018ஆம் ஆண்டு விதியை 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றார்கள். வீடு போன்ற இடம்தான், ஆனால் ஏதாவது வாங்க வேண்டும்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கடையில் ஆட்களைக் குறைத்தது சரியாக வரவில்லை என்று 2025இல் நிக்கோலே ஒப்புக்கொண்டார். கூடுதல் ஆட்களை நியமிக்கவும் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தலைமை அலுவலகப் பணிகளில் சுமார் 900 பேரை நீக்கினார்கள். வட அமெரிக்காவில் பல கிளைகளும் மூடப்பட்டன. நவம்பரில் சீனத் தொழிலின் 60 சதவீதத்தை போயு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள்.

அந்தச் செப்டம்பரில் முடிந்த காலாண்டில், ஓராண்டுக்கு மேல் நடந்துவரும் கிளைகளின் உலகளாவிய விற்பனை ஏழு காலாண்டுகளில் முதல்முறையாக ஒரு சதவீதம் வளர்ந்தது. அமெரிக்காவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நன்றி, வணக்கம்.